மேட்டில் நின்ற கார்

உம்மா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அன்று எங்கள் கார் ஆற்றங்கரை மேட்டில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. எஞ்சின் ஓடியது. விளக்கு எரிந்தது. ஏசி கூட ஜில்லென்று வந்தது. கியர் லிவர் மட்டும் பார்க்கிங்கை விட்டு இம்மியும் அசையவில்லை. நான் புர்காவை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் வெந்துகொண்டிருந்தேன்.

அது கிளட்ச் இல்லாத வண்டி. அப்போது கூத்தாநல்லூரில் அப்படிப்பட்ட கார் அபூர்வம். என் வீட்டுக்காரர் துபாயில் வருஷக்கணக்கில் அந்த மாதிரி வண்டியே ஓட்டிப் பழகியவர். அங்கே கம்பெனியை மூடிவிட, ஊருக்கு வந்து சேர்ந்ததும், இனி இடது காலுக்கு வேலை கொடுக்க முடியாது என்று சொல்லி, யாரோ ஓட்டித் தள்ளிய பழைய காரைத் தேடிப் பிடித்து வாங்கினார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அந்தப் பெருமையைத்தான் உம்மா ஒரு கல்யாண வீட்டில் வைத்துப் போட்டு உடைத்தார். அதிராம்பட்டினத்தில் காக்கா மகள் கல்யாணம். காக்கா என்றால் என் அண்ணன். பெண்கள் பக்கம் வட்டமாக உட்கார்ந்து ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ எங்கள் காரைப் பற்றி விசாரித்தார்கள். பக்கத்து சஹனிலிருந்து உம்மா, என் மாப்பிள்ளை சபுருக்கு, அதாவது வெளிநாட்டுக்கு, போய் மிச்சம் பிடித்தது அந்த ஒரு டப்பா வண்டிதான் என்று சத்தமாகச் சொல்ல, கூடமே கொல்லென்று சிரித்தது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். தனித்தட்டில் சாப்பிடும்போது எழுந்து போனால் அது உங்கள் பாடு. சஹனை விட்டு எழுந்தால் கூட உட்கார்ந்த அத்தனை பேரையும் அவமானப்படுத்தியது போல. அன்றோடு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. உம்மாவும் இங்கே வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அன்று சாயங்காலமே விஷயம் போய்விட்டது. பெரியவர்கள் ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள், இதைப் போய்ப் பெரிது பண்ணாதே என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது பேச்சை எடுத்தாலும் அதே பதில்தான். சூடு சொரணை இல்லாத மனுஷன் என்று அவரையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன்.

இப்போது உம்மா ஹஜ்ஜுக்குப் போகிறார். போகுமுன் யாரையெல்லாம் மனசு நோகப் பேசினோமோ அவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்வும் அவனிடமே போய்க் கேள் என்பான் என்பது எங்கள் நம்பிக்கை. உம்மாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி, போதாததற்கு வயது. போன இடத்திலேயே மண்ணுக்குள் போனவர்களும் உண்டு என்பது வழியனுப்புகிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முந்தின வாரம் உம்மா போன் செய்து, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார். போனில் கேட்கிற விஷயமா இது, புறப்படுகிற அன்றைக்கு நேரில் வருகிறேன் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். என் கண்ணைப் பார்த்துக் கேட்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அந்த நாளும் வந்தது. கார்தான் வரவில்லை.

அடைமழைக் காலம். இரண்டு நாளாகத் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆற்றங்கரைக்கு ஏற்றிவிட்டார்கள். எங்களுக்குக் கரை மேல் இடம் கிடைக்கவில்லை, ஏறுகிற சரிவிலேயே மூக்கு மேலே பார்க்க நிறுத்திவிட்டு வந்திருந்தார் என் வீட்டுக்காரர். ஹேண்ட்பிரேக் போடவில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் போடுகிறார்கள்? தாம்பாளம் போலத் தட்டையான பூமி. மழையில் ஹேண்ட்பிரேக் போட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று வேறு சொல்வார்கள். துபாயிலும் தரை தட்டைதானாம். லிவரைப் பார்க்கிங்கில் தள்ளிவிட்டு இறங்கிப் போவதுதான் அவர் பழக்கம்.

முதலில் எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிரேக்கை மிதித்தால்தான் லிவர் விடுமாம், அந்த சேதி லிவருக்குப் போகவில்லையோ என்று சந்தேகப்பட்டு, பின்னால் போய் சிவப்பு விளக்கு எரிகிறதா பார் என்றார். சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. எரிகிறதே என்றேன். நன்றாகப் பார்த்தாயா என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பிறகு லிவருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மூடியைப் பெயர்த்து, அந்த ஓட்டைக்குள் சாவியை விட்டு அழுத்திக்கொண்டு இழுத்தார். அதற்கும் மசியவில்லை. மன்னார்குடி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் இந்த மாதிரி வண்டியில் கை வைத்ததே இல்லையாம். பலமாக இழுத்தால் உள்ளே ஏதாவது முறிந்துவிடும், லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். ஸ்டாண்டுக்குப் போன் போட்டால், எல்லா வண்டியும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறது என்றார்கள். பஸ் மன்னார்குடி வரை ஓடுகிறதா என்றே யாருக்கும் தெரியவில்லை. இன்னும் அஞ்சே நிமிஷம் என்றார். அந்த அஞ்சு நிமிஷத்தை அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். காக்கா போன் செய்து, வேன் புறப்பட்டுவிட்டது என்றார். இனி அதிராம்பட்டினத்துக்கு வந்து பிரயோஜனமில்லை, தஞ்சாவூரில் இரண்டு பேரை ஏற்ற வேண்டும், அங்கே பள்ளிவாசலில் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு நேரே சென்னைக்குப் போய்விடுவோம், முடிந்தால் அங்கே வாருங்கள் என்று சொல்லி வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உம்மா என்னைப் பார்க்காமலே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் போய், காரைச் சரிவில் கீழே தள்ளப் பார்த்தார்கள். உள்ளே எங்கோ மொறுக்கென்றது. லிவர் முன்னைவிட இறுகிப்போனது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். எங்கள் கொல்லைக் கதவு மழையில் ஊதிக்கொண்டால் தாழ்ப்பாள் மேல் அத்தனை பாரமும் இறங்கிவிடும். என்ன இழுத்தாலும் வராது. கதவைத் தோளால் எதிர்ப்பக்கம் முட்டிப் பிடித்துக்கொண்டால் தாழ்ப்பாள் தானாகக் கழன்று வரும். காரின் பாரம் முழுவதும் உள்ளே ஏதோ ஒரு தாழ்ப்பாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"கீழ தள்ளாதிங்க, மேல தள்ளுங்க" என்று கத்தினேன்.

மேட்டில் நிற்கிற வண்டியை இன்னும் மேலே தள்ளச் சொல்கிறாளே என்று ஒரு மாதிரி பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் பின்னால் போனார்கள். நானும் போய் டிக்கியில் கை வைத்தேன். மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். கார் ஒரு சாண்கூட ஏறியிருக்காது. அப்படியே பிரேக்கை மிதிங்க என்று ஸ்டியரிங்கில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மிதித்தார். டக்கென்று லிவர் வந்துவிட்டது. யாருக்கும் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

நீடாமங்கலம் தாண்டும் வரை ரோட்டில் பாதி தண்ணீர்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். உம்மா கேட்பார். நான் உடனே பதில் சொல்லக்கூடாது. கொஞ்சம் தவிக்கட்டும். பிறகு சரி என்று ஒரு வார்த்தை.

தஞ்சாவூரில் பள்ளிவாசல் வாசலில் வேன் எஞ்சின் ஓட நின்றிருந்தது. கூரையில் பெட்டிகளைக் கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அவர் காரை வேனுக்குப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கில் காலை வைத்தபடி என்னை மட்டும் இறங்கச் சொன்னார். திரும்ப லிவரைப் பார்க்கிங்கில் போட அவருக்குப் பயம்.

தலையை மூடி வெள்ளை மக்கனா போட்டுக்கொண்டு உம்மா வேனிலிருந்து இறங்கி வந்தார். இளைத்துப் போயிருந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முட்டிவலிக்கு ஊன்றிக்கொள்ளத்தான் பிடித்திருக்கிறார். என்னைத் தாங்கலாக வைத்துக்கொண்டு காரின் டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவர் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் முடியவில்லை, மாமியார் நிற்க உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

"எறங்காதிங்க மாப்புள, இருங்க. அன்னக்கி அத்தன பேரு முன்னாடி ஒங்க ஒழப்ப சிரிப்பா சிரிக்க வச்சிட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது இல்லாம நான் வேன்ல ஏற முடியாது."

அதெல்லாம் எதற்கு மாமி என்று அவர் வழக்கம்போல் தட்டிவிடுவார் என்று பார்த்தேன். அவரோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே வேனைப் பார்த்தபடி இருந்தார். வேன்காரன் ஹாரன் அடித்தான். உம்மா நகரவில்லை. என் வீட்டுக்காரர் அப்புறம் அடக்க முடியாமல் தேம்பி அழுதுவிட்டார். அவருடைய வாப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அட மனுஷா, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய் என்று மனசுக்குள் கேட்டேன். பக்கத்திலேயே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"மன்னிச்சிட்டேன் மாமி. அங்க போயி எனக்காக துஆ கேளுங்க" என்றார்.

உம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தலையைத் தடவினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு வேனுக்குத் திரும்பி நடந்தார். என் முறை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நானும் நடந்தேன். படியில் காலை வைத்து ஏறியும் விட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை, எங்கிட்ட கேக்கலயா உம்மா என்று நானே கேட்டுவிட்டேன்.

உம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒங்கிட்ட என்னத்தடி கேக்குறது? நீ எம் புள்ள. நான் திட்டுவேன், நீ கோச்சுக்குவ. அவரு அடுத்த வீட்டுப் புள்ள, அவர அழ வச்சிட்டுல்ல நான் போக இருந்தேன்."

காக்கா கதவை இழுத்துச் சாத்தினார். வேன் நகர்ந்தது.