நீட்டிய வெறுங்கை

பனியன் கம்பெனியில் தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். என் லைன் பெண்கள் கழிப்பறைக்குப் போக என்னிடம் டோக்கன் வாங்க வேண்டும். இருப்பது ஒரே டோக்கன்; போனவள் வந்து திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும். ஆர்டர் தாமதமாகிறது என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

போன தீபாவளி முடிந்ததும் கம்பெனியில் எங்களை தீம் பார்க்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பளிச்சென்று கழிப்பறைகள். வேவ் பூலில் ஆடிக்கொண்டிருந்த என் லைன் செல்வி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட என்னைத் தேடி வந்து நின்றாள்.

"யக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துரட்டா?"

"இங்க வந்துமா கேப்பே?" என்று சிரித்திருக்கலாம். என் வாயோ, "வெரசா வந்துரோணும் கண்ணு" என்றது. கண் தன்னால் கைக்கடிகாரத்துக்குப் போனது.

ஈரத் தரையில் அவள் ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "வந்துட்டேன்க்கா" என்று கையை நீட்டினாள். வாங்க நானும் நீட்டினேன். அவள் கையில் ஒன்றும் இல்லை.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை டோக்கனைக் குப்பையில் போட்டேன். ஆனாலும் இன்றுவரை, மிஷினை விட்டு எழும் முன் அவர்கள் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.