சொந்தக் கருத்து, ஐந்து மதிப்பெண்

அக்கா மகள் அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் இறங்கியபோது அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டியவள். நான் படிப்பை விட்டதும் ஒன்பதாம் வகுப்பில்தான். அதனால் அந்த வகுப்பைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று வீட்டில் ஒரு எண்ணம் இருந்தது.

அக்காவின் கணவருக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. வேலை போனது, அதோடு விசாவும் போனது. அவர் சென்னையில் ஒரு நண்பரின் அறையில் தங்கி வேலை தேடினார். அக்காவும் மகளும் பெரிய பெரிய பெட்டிகளோடு புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். உட்கார்ந்து அழ யாருக்கும் நேரமில்லை. அந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று பார்ப்பதிலேயே முதல் வாரம் போனது.

நான் அப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் ஒரு கடையில் இருந்தேன். அதற்கு முன் பிள்ளைச்சாவடியில் வலை இழுத்திருக்கிறேன். சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் அட்டைப்பெட்டி ஒட்டியிருக்கிறேன். பெங்களூரில் பரோட்டா போட்டிருக்கிறேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். சில இடங்களில் அடி விழுந்தது, சில இடங்களில் சாப்பாடு நன்றாக இருந்தது. எந்த இடத்திலும் ரொம்ப நாள் உட்கார முடிந்ததில்லை. ஸ்கூட்டர் கடை பிடித்ததற்குக் காரணம், அங்கே உட்காரவே வேண்டியதில்லை.

அக்கா மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் வேலையானது. அன்றைக்கு எந்த வண்டி வாடகைக்குப் போகாமல் நிற்கிறதோ அதில் போவோம். திங்கட்கிழமை சிவப்பு, செவ்வாய்க்கிழமை கண்ணாடி உடைந்த மஞ்சள். எங்கள் வீட்டில் வண்டிகள் நிறைய இருக்கின்றன என்று அவள் வகுப்பில் ஒரு பேச்சு கிளம்பி, அவளும் அதை மறுக்காமல் இருந்திருக்கிறாள்.

அந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததே லேசாக இல்லை. நடுவில் வந்தவள், அமெரிக்கச் சான்றிதழ், அதில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒன்று முதல் நான்கு வரை ஏதோ எண்கள். ஒரு சின்ன தனியார் பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு.

“ஒம்பதுல ஒக்கார வைக்கிறேன். காலாண்டுல எல்லாத்துலயும் பாஸ் பண்ணணும். ஒண்ணுல போனாலும் எட்டுதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“பண்ணிடுவா மேடம்” என்றாள் அக்கா.

“அவ சொல்லட்டும்.”

“ஐ வில் ட்ரை” என்றாள் அவள். எங்கள் ஊரில் இது பதிலே இல்லை. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிகள் பழைய பாடத்திட்டத்தை விட்டு மத்தியத் திட்டத்துக்கு மாறியிருந்தன. இந்தப் பள்ளியும் கூடவே மாறிவிட்டது. இனி மனப்பாடம் கிடையாது, பிள்ளைகள் யோசித்து எழுத வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. காலாண்டுத் தேர்வுக்கு இப்போது வேறு பெயர் என்றார்கள். ஆனால் தலைமையாசிரியையிலிருந்து காவலாளி வரை எல்லோரும் காலாண்டு என்றுதான் சொன்னார்கள். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு நல்ல விஷயம். அவள் தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கும்போதுதான் ஒவ்வொரு எழுத்தாக இறங்கி ஏறுவாள். அங்கே ஸ்பானிஷ் படித்திருந்ததால் பிரெஞ்சு சுலபமாக வந்தது.

முதல் நாள் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

“இன்னா ஆச்சு?”

“பெல் அடிச்சுது மாமா. நான் பேக் எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டேன்.”

“ஏன்?”

“அடுத்த கிளாஸுக்கு.”

“அடுத்த கிளாஸ் அங்கேயேதான நடக்கும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஸ்கூல்ல டீச்சர் ஒரே ரூம்ல இருப்பாங்க. நாங்கதான் மாறி மாறிப் போவோம். நான் போய் ஆறாங்கிளாஸ்ல உக்காந்துட்டேன். என்னை டீச்சர்னு நெனச்சு எல்லாரும் எழுந்து குட்மார்னிங் மிஸ்னு சொல்லிட்டாங்க.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் ஓட்டினேன். ஆனால் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கலாம் என்று எனக்கும் யாராவது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வகுப்பு தாக்குப் பிடித்திருப்பேன்.

அப்படியே தினமும் பின்னால் உட்கார்ந்து அந்த அமெரிக்கப் பள்ளியைப் பற்றிச் சொல்வாள். புத்தகம் வைக்க ஆளுக்கொரு அலமாரி உண்டு, அதைத் திறக்கும் எண் மறந்துபோனால் அழுகை வரும். கழிப்பறைக்குப் போக ஒரு அட்டை கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பது கணக்குப் பரீட்சையை விடக் கஷ்டம்.

“அங்கயும் இப்புடிச் சட்டத்த மாத்துவாங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வருஷா வருஷம் மாமா. யாராவது கோட் போட்டுக்கிட்டு வந்து பின்னாடி நின்னு பாப்பாங்க. ஹோம்வொர்க் வேணாம்னாங்க. மார்க் வேணாம்னாங்க. அப்புறம் ரெண்டும் வேணும்னாங்க. எங்க டீச்சர் ஒருத்தங்க நடு வருஷத்துலயே போயிட்டாங்க.”

“எங்க?”

“வீடு விக்கிற வேலைக்கு.”

இன்னொரு நாள், துப்பாக்கியோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று அங்கே பயிற்சி நடக்கும் என்றாள். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மூலையில் உட்கார வேண்டும். தும்மல் வந்தால் அடக்க வேண்டும். மழை வந்தால் லீவு என்று சொல்வது மாதிரி அதைச் சொன்னாள். நானும் பெட்ரோல் பங்கில் வரிசை அதிகமா என்று பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

காலாண்டு நெருங்கியது. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எதற்கும் பயமில்லை. சமூக அறிவியலில்தான் சிக்கல். அந்தப் பாடத்துக்கு ஒரு இளம் சார். மெலிந்தவர், எப்போதும் கையில் சாக்பீஸ் தூள். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் நோட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விரித்தாள்.

“மாமா, இதைப் பாரு. ‘உங்கள் பள்ளியில் ஜனநாயகம் இருக்கிறதா? உங்கள் சொந்தக் கருத்தை எழுதுக.’ கேள்வி இது.”

“சரி.”

“சொந்தக் கருத்தை சார் சொல்றார், எல்லாரும் எழுதிக்கிறாங்க!”

ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காகத் தமிழில் படித்தாள். எங்கள் பள்ளியில் ஜனநாயகம் தழைத்து ஓங்குகிறது, வகுப்புத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார், எங்கள் கருத்துகளுக்கு மதிப்பு அளிக்கப்படுகிறது என்று ஐந்து வரி.

“நல்லாதான இருக்கு” என்றாள் அக்கா. “படிச்சிட்டுப் போய் எழுதிடு.”

“இது என் கருத்து இல்லம்மா.”

“பரீட்சை முடிஞ்சதும் உன் கருத்த வச்சுக்கோ.”

பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் வந்தன. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். சமூக அறிவியலில் மட்டும் பாஸுக்கு மூன்று மதிப்பெண் குறைந்து போயிற்று. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்குச் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். பக்கத்தில், ‘நோட்ஸில் உள்ளபடி எழுதவும்.’ எந்தக் கேள்வி என்று சொல்லத் தேவையில்லை.

அக்கா அன்று குரலை ஏற்றியதில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அணைந்தது. “உனக்கு எதுக்குடி கருத்து? உங்கப்பன் அங்க வேலை தேடி அலையறான், நான் இங்க பில் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எட்டாங்கிளாஸ்ல போய் ஒக்காரு, கருத்து சொல்லு!” ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடும் வேலையில் அவள் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லீவு கேட்க முடியாது. “நீ போய்ப் பேசுடா. கால்ல விழுந்தாலும் சரி.”

அக்கா மகள் அன்று சாப்பிடவில்லை. எட்டாம் வகுப்பில் உட்கார்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஊர் போச்சு, நண்பர்கள் போனார்கள், அப்பா வேறு ஊரில். வகுப்பு ஒன்றுதான் விட்ட இடத்திலேயே இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஆசிரியர் அறைக்குப் போனோம். நான் படித்த காலத்தில் அப்படிப்பட்ட அறைகளுக்கு வெளியே நிறைய நின்றிருக்கிறேன். உள்ளே நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“சார், மூணு மார்க்குதான்” என்று ஆரம்பித்தேன். “பாத்து ஏதாவது…”

“எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு” என்றார் அவர். உண்மையாகவே கஷ்டப்பட்டார். “நல்லா படிக்கிற பொண்ணு. நோட்ஸ்ல இருக்கறத எழுதியிருந்தா அஞ்சும் போட்டிருப்பேன். சரி, கையெழுத்து நல்லா இருக்குன்னு மூணு போடறேன். எச்.எம். மேடம் கையெழுத்து வாங்கிடலாம்.”

எனக்கு மூச்சு வந்தது. எழுந்து கும்பிடப் போனேன்.

“சார்” என்றாள் அவள். “என் ஆன்சர் ரைட்டா, ராங்கா?”

“ஏய், சும்மா இரு” என்றேன்.

“இல்ல மாமா. ராங்னா எனக்கு மார்க் வேணாம். ரைட்னா கையெழுத்துக்கு எதுக்கு?”

சார் விடைத்தாளை இழுத்து, இந்த முறை நிதானமாகப் படித்தார். எனக்கும் விளங்கட்டும் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படித்தார். இங்கே வகுப்புத் தலைவி யார் என்று மிஸ்தான் சொன்னார், அவள் உயரமாக இருக்கிறாள், சத்தம் போடுவாள் என்பதற்காக. நான் முன்பு படித்த அமெரிக்கப் பள்ளியில் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் நடன விழாவுக்கு என்ன நிறத்தில் பலூன் கட்டுவது என்பதை மட்டும்தான் அவர்கள் முடிவு செய்யலாம். இருட்டில் மூலையில் உட்கார வைத்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. அதனால் இரண்டு பள்ளிகளிலும் ஜனநாயகம் கொஞ்சம்தான் இருக்கிறது. இங்கே பலூன் கிடையாது.

கடைசி வரியில் சார் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“இத ரைட்டுனு போட்டா, மத்த பசங்களுக்கு நான் இன்னாம்மா போடறது? எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. இது சொந்தக் கருத்துன்னா அதெல்லாம் இன்னா?”

“அவங்களுக்கும் போடுங்க சார். கஷ்டப்பட்டுப் படிச்சாங்க. ஆனா அது உங்க கருத்து.”

“என் கருத்தும் இல்லம்மா” என்றார் சார். “கைடுல இருந்தது.”

விடைத்தாளை மேசைமேல் வைத்தார். பிறகு அவர் என்னிடம் சொன்னார். “ட்ரெயினிங்ல சொன்னாங்க சார், பசங்க எத எழுதினாலும் ஏத்துக்கணும்னு. சரின்னு வந்துட்டேன். எத எழுதினாலும்னா, எதுக்கு மூணு, எதுக்கு அஞ்சு? அத யாரும் சொல்லல. நாளைக்கு ஒருத்தன் அப்பா வந்து என் பையனுக்கு ஏன் ரெண்டுன்னு கேட்டா?”

பரோட்டாவில் கருகினது எது என்று பார்த்தால் தெரியும். இது அப்படியில்லை.

“சார்” என்றேன். “படிக்கும்போது சிரிச்சீங்களே.”

அவர் பேனாவை எடுத்தார். பூஜ்யத்தை அடித்து, நான்கு போட்டார். “ஒண்ணு கொறச்சிட்டேன். ஜனநாயகம்னா இன்னான்னு மொதல்ல ஒரு வரி எழுதியிருக்கணும்” என்றார். அவள் யோசித்துப் பார்த்து, “ஓகே சார், அது ஃபேர்” என்றாள். தலைமையாசிரியையிடம் மூவரும் போனோம். அவர் பதிலைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கையெழுத்துப் போட்டார்.

“ஒம்பதுலயே இருக்கட்டும்” என்றார். பிறகு சாரிடம், “நல்லா எழுதியிருக்கா சார். மத்த பசங்களுக்கும் இத எடுத்துச் சொல்லுங்க. புதுத் திட்டத்துல இதத்தான கேக்கறாங்க?”

அன்று அக்கா கேசரி கிளறினாள்.

அரையாண்டிலும் அதே கேள்வி வந்தது. பரீட்சை முடிந்து வெளியே வந்தவள், வண்டியில் ஏறாமல் என் எதிரில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“மாமா, எல்லாரும் பலூன் எழுதியிருக்காங்க!”

“இன்னா பலூன்?”

“என் ஆன்சரை சார் எல்லாருக்கும் நோட்ஸா குடுத்துட்டார். ‘நான் முன்பு படித்த அமெரிக்கப் பள்ளியில்’னு மொத்த கிளாஸும் எழுதியிருக்கு. கடைசி பெஞ்ச்ல ஒரு பையன் கூட. அவன் கடலூர் கூடப் போனதில்ல மாமா!”

நான் சிரித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அப்ப நீ இன்னா எழுதின?”

“வேற எழுதினேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். “ஜனநாயகம்னா என்னன்னு முதல்ல ஒரு வரி போட்டுட்டேன்.”