நேசன் கொடுக்காத தாள்

நேசனின் வாகனம் கிடைத்துவிட்டது என்று பொலிஸ்காரர் தொலைபேசியில் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். பிறகுதான் அவர் அது நின்ற பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னார். மூன்று நாட்களாக நாங்கள் தேடவைத்த மலைக்கு இரண்டு மலை தள்ளி. அவனுடைய உடலையும் அங்கேதான் கண்டெடுத்தார்கள்.

ஜேர்மனியில் எங்கள் எசன் நகரில் அவனைத் தெரியாத தமிழர் குறைவு. பாண் தொழிற்சாலையில் பதினொரு வருடம் என் பக்கத்து அடுப்பில் நின்றவன். குளிர்காலம் வந்தால் ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெற்கே மலைகளுக்குப் போய்விடுவான். அதுவும் சனம் சறுக்கும் தடங்களுக்கு அல்ல, ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளுக்கு. விசரன் என்றுதான் இங்கே இருக்கிற நாம் எல்லோரும் சொன்னோம். அவன் முதுகுப்பையில் மண்வெட்டியைக் கண்டு, "சறுக்கப் போறியோ, கிணறு வெட்டப் போறியோ?" என்று நானே கேட்டிருக்கிறேன். "இது எனக்கில்லை மச்சான். பனி மூடினால் கூட வந்தவனைத் தோண்டி எடுக்க" என்றான்.

உண்மையில் அவனைப்போலப் பயந்தவனை நான் கண்டதில்லை. ஒருமுறை ஏழு மணித்தியாலம் வாகனம் ஓடிப் போய், வெயிலில் பனி இளகியிருக்கிறது என்று பலகையைக் கீழே வைக்காமலே திரும்பி வந்தான். எங்கள் வீட்டில் புட்டைத் தின்றுகொண்டு, "மலை எங்கையும் ஓடாது. நான்தான் திரும்பி வரவேணும்" என்றான்.

தெரியாத இடத்துக்குத் தனியே போவதில்லை என்பது அவன் சட்டம். போவதற்கு முதல்நாள் மாலை எனக்கு ஒரு தாள் தந்துவிடுவான். மலையின் பெயர், இறங்கும் பக்கம், வாகனம் நிற்கும் இடம், எல்லாம் அதில் இருக்கும். "நாலு மணிக்கு நான் உனக்குப் போன் எடுக்காட்டி, நீ மீட்புக்காரருக்கு எடு." தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பேன்.

அந்தச் சனிக்கிழமையும் தாள் ஒட்டியிருந்தது. காலையில் மலையடி விடுதியிலிருந்து போன் எடுத்தான். கூடப் போனவனுக்குக் காய்ச்சல். தாளில் எழுதிய மலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வேறு. "அங்கை ஏலாது மச்சான். வேறை ஒரு பக்கம், சின்னச் சரிவுதான், பாத்திட்டு வாறன். வெளிக்கிட்டிட்டன்."

"எங்கை?" என்ற சொல் என் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். வெளிக்கிடுகிறவனிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். நீங்களும் அப்படித்தான். தாள் இருந்தபடியால் இத்தனை வருடமும் எனக்கு அதைக் கேட்கவேண்டி வரவில்லை. "நல்லபடியாய்ப் போயிட்டு வா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு வைத்துவிட்டான்.

நாலு மணி ஆனது. எடுத்துப் பார்த்தேன், தொடர்பு இல்லை. மீட்புக்காரருக்கு எடுத்தேன். "எந்த மலை? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அங்கே ஏலாது என்று அவன் சொன்ன மலையின் பெயரைத் தவிர என்னிடம் வேறு பெயர் இல்லை. அதையே சொன்னேன்.

சரிந்து வந்து இடுப்புவரை மூடிய பனியிலிருந்து அந்த மண்வெட்டியால் தன்னைத்தானே வெட்டி எடுத்திருக்கிறான். கால் முறிந்திருந்தது. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். கிட்ட வருகிறவர்களுக்கு மட்டும் சமிக்ஞை காட்டும் தேடற்கருவி அவன் கழுத்தில் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. மறுநாள் காலைவரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

விதி என்று ஆறுதல் சொல்கிறீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. இப்போது வாசலைத் தாண்டுகிற எல்லோரிடமும் எங்கே என்று கேட்கிறேன். மனைவி முகத்தைச் சுளிக்கிறாள். பிள்ளைகள் கடைக்கு, பள்ளிக்கு என்று சொல்லிவிட்டுப் போய், நேரத்துக்குத் திரும்பியும் விடுகிறார்கள். மண்வெட்டியை அவனுடைய அக்கா என்னிடம் தந்துவிட்டார். தாளும் கதவில் அப்படியே இருக்கிறது, அவன் கையெழுத்தில், நாலு மணி என்று அடிக்கோடிட்டு. அதில் எழுதியிருக்கும் மலையில் அவன் கால் வைக்கவே இல்லை.