எர்ரர் ஒண்ணு, வேற ஒண்ணும் இல்ல

"ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதில் அம்மை போட்டுப் போனது. அன்றிலிருந்து எனக்கு வந்த எதையும் யாராவது படித்துத்தான் சொல்ல வேண்டும். யாரும் படிப்பதில்லை, சொல்வதோடு சரி. தபாலைப் பிரிப்பார்கள், கண்ணாலேயே மேய்வார்கள், "ஒண்ணும் இல்ல, மீட்டிங்குக்குக் கூப்டுக்கிறாங்கோ" என்பார்கள். இரண்டு பக்கக் கடிதம் நாலு வார்த்தையாகிவிடும். மீதி என்ன ஆனது என்று கேட்டால் எனக்குத் திமிர்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா, நான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. நான் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்திருந்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் ஆபரேட்டர் வேலை காலி என்று போனேன். போன் மட்டும் போதாதாம், கம்ப்யூட்டரில் வருவதையும் படிக்க வேண்டுமாம். "பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து படிச்சுச் சொல்றதா இருந்தா, அந்த ஆளையே வேலைக்கு வெச்சுக்குவேனே" என்றார் மேனேஜர். நீங்களாகப் படிப்பதாக இருந்தால் அடுத்த வாரம் வந்து காட்டுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருள் கடையில் விற்றது. அந்த விலைக்கு வீட்டை விற்க வேண்டும். போர்டு வீடு, அதையும் விற்க முடியாது. பயிற்சி மையத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, அவளுக்கும் பார்வை இல்லை, ஒரு சிடி கொடுத்தாள். இலவசம், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் ஓடும். ஆனால் தயாராக வராது. மூல நிரலாகத்தான் தருவார்கள், நம் மெஷினில் நாமே கம்பைல் செய்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அரிசி பருப்பை மட்டும் கையில் கொடுத்து, சமைத்துக்கொள் என்பது மாதிரி.

அடுத்தவர் கண்ணே வேண்டாம் என்பதற்காக ஒரு மென்பொருள். அதை ஏற்றுவதற்கு அடுத்தவர் கண் வேண்டும்! அதை எழுதிய புண்ணியவான்களுக்கு இது தோன்றவே இல்லையா என்று அப்போதும் திட்டினேன், இப்போதும் திட்டுகிறேன்.

ரிச்சி தெருவில் தம்பி வாங்கி வந்து, சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றிய பழைய கம்ப்யூட்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான், கட்டளைகளை நானே அடித்தேன். விரல் என்னுடையது, கண் அவனுடையது. கீழே கிரவுண்டில் ஃபுட்பால் மேட்ச். விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்புவது எனக்குத் தெரியும், குரல் அந்தப் பக்கம் போய்விடும்.

"ஓடுதுக்கா. ஓடிகினே கீது. ஆங், நின்னுச்சு."

"இன்னாடா போட்டுகீது?"

"எர்ரர் ஒண்ணு. வேற ஒண்ணும் இல்ல."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். எர்ரர் ஒண்ணு. மறுபடியும் ஓட்டினேன். எர்ரர் ஒண்ணு. சாயங்காலம் எஸ்டிடி பூத்துக்குப் போய்த் தோழிக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள். "கடைசி வரி, நின்னுபோச்சுன்னு மட்டும்தாண்டி சொல்லும். ஏன் நின்னுச்சுன்னு அதுக்கு மேல இருக்கும். முதல் எர்ரர் எது?"

வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன்.

"மேல ஒரே கலீஜா இங்கிலீஷு ஓடிச்சுக்கா. அதெல்லாம் உனுக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

கையில் இருந்த டம்ளரை வீசினேன். அவன் மேல் படவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

"எனுக்கு எதுக்குன்னு முடிவு பண்றதுக்கு நீ யாருடா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "பாவம், ஆட்டோவ நிறுத்திட்டு உனுக்காகத்தான காலைலேர்ந்து உக்காந்துகினு கீறான்?"

உண்மைதான். ஒருத்தனுக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு அவன் மேல் கோபமும் படுவது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லித்தந்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து எனக்கு உதவி செய்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் எனக்கு வந்ததில் பாதியைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் ஓட்டினேன். இந்த முறை தம்பியை ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். முனகிக்கொண்டே சொன்னான். நடுவில் இருந்தது அந்த வரி. ஒலிக்கு வேண்டிய ஒரு கோப்பின் பெயர், அப்படி ஒரு கோப்பு இங்கே இல்லை என்று பக்கத்திலேயே. தெளிவாகப் போட்டிருந்தது. காலையிலிருந்து போட்டிருந்தது. லினக்ஸோடு வந்த மூன்றாவது சிடியில் அந்தக் கோப்பு இருந்தது. தேவைப்படாது என்று அவன் உறையைக்கூடப் பிரிக்காத சிடி.

அதை ஏற்றிவிட்டு ஓட்டியபோது கம்பைல் நிற்காமல் முடிந்தது. ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது, ஜலதோஷம் பிடித்தவன் இங்கிலீஷ் பேசுகிற மாதிரி. தம்பி கை தட்டினான். நான் அழுதேன், அதுவும் ஆத்திரத்தில்தான்.

சொன்ன நாளில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் ஆட்டோவில் திருவொற்றியூர் போனேன். வேலை கிடைத்தது, அது பிறகு. அன்றைக்கு மேனேஜர் பழைய மெயில் ஒன்றை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். என்னிடம் அல்ல, தம்பியிடம். "என்ன போட்டிருக்குன்னு அவங்களுக்குச் சொல்லுப்பா" என்றார்.

தம்பி நகரவில்லை. "அதுவே சொல்லும் சார். நான் சொன்னா பாதிய வுட்டுருவேன்."

ஃபிளாப்பியை வாங்கிப் போட்டேன், கட்டளையை அடித்தேன். அனுப்பியவர் முகவரி, தேதி, வணக்கம், விஷயம் என்று ஒன்று விடாமல் படித்தது. விஷயம் முடிந்தும் நிற்கவில்லை. கம்பெனி மெயில்களின் அடியில் நீளமாக ஒரு எச்சரிக்கை வருமே, அதையும் ஆரம்பித்தது.

"போதும்மா, நல்லாத்தான் படிக்குது" என்றார் மேனேஜர். "கீழே ஒண்ணும் இல்லை."

"இருக்கட்டும் சார். ஒண்ணும் இல்லைன்னு நானே கேட்டுக்கறேன்."

கடைசி வரி முடிகிறவரை அவரும் நின்று கேட்டார்.