மச்சான் நிலத்தில் ஒரு குச்சி

யாரையும் சட்டென்று நம்பிவிடும் ஆள் இல்லை நான். எண்ணெய் தேடும் கம்பெனியில் வரைபடம் என் பொறுப்பு. பாறையைப் படிப்பவர்கள், நிலத்தை அளப்பவர்கள், துளை போடுபவர்கள், எல்லோரும் கம்ப்யூட்டரில் திறப்பது ஒரே வரைபடத்தைத்தான். அதில் எவர் கை வைத்தாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

சர்வேயர் அண்ணன் வாயில்லாப் பூச்சி. முப்பது வருஷமாக வெயிலில் நடந்து, துளை போட வேண்டிய இடங்களில் குச்சி நட்டுவிட்டு வருகிறவர். மதியம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

போன மாதம் அவர் நட்ட குச்சி ஒன்றை வரைபடத்தில் ஏற்றினேன். நட வேண்டிய புள்ளியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி நின்றது. யார் நிலம் என்று பார்த்தால், அவர் மச்சானுடையது! துளை விழும் நிலத்துக்குக் கம்பெனி குத்தகை கொடுக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னண்ணே, குச்சிக்குக் கால் முளைச்சிருச்சா?"

"பாறைக்காரங்க தாள்ல குடுத்த இடத்துலதாம்மா நட்டேன். நீங்க ஒருதடவை..."

"மச்சானுக்கு வக்காலத்தா? பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பார்த்திருக்கீங்க!"

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். குற்றமுள்ளவர்தானே மூடுவார் என்று நேரே மேனேஜரிடம் போனேன். வெள்ளிக்கிழமை வேலைநீக்கக் கடிதம் என்று முடிவானது. ரிட்டயர் ஆக அவருக்கு எட்டே மாதம்தான் இருந்தது.

இன்னும் எத்தனை திருகுதாளம் செய்திருக்கிறார், பார்த்துவிடுவோம் என்று வியாழக்கிழமை அந்த மாதம் அவர் நட்ட நாற்பது குச்சிகளையும் ஏற்றினேன். நாற்பதும் தள்ளி நின்றன. எல்லாம் இருநூறு மீட்டர், எல்லாம் கிழக்கே. மச்சானுக்காக ஒரு குச்சியை நகர்த்தலாம், நாற்பதையுமா நகர்த்துவார்? நான் ஏற்றிய புள்ளிகளைத் திறந்து பார்த்தேன். பாறைக்காரர்கள் தரும் புள்ளிகளை ஏற்றும்போது, எந்த அளவு முறையில் எடுத்தவை என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவை புது முறையில் எடுத்தவை, நான் பழைய முறையைத் தட்டியிருந்தேன். அவருடைய குச்சிகள் சரி, என்னுடைய புள்ளிகள்தான் தப்பு.

சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடிதம் தயாராக இருந்ததே! மேனேஜர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கடிதத்தைக் கிழித்தார், என்னையும் கிழித்தார்.

பிறகு அண்ணனிடம் போனேன்.

"தப்பு என்னுதுண்ணே. மன்னிச்சிருங்க."

"தெரியும்மா. எல்லாமே ஒரே பக்கம் தள்ளியிருக்கும்னு அன்னைக்கே தோணுச்சு."

"அப்ப ஏண்ணே சொல்லலை? வேலையே போயிருக்குமே!"

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"