மல்லி தேடி லக்கல வரை

காலை ஆறேகாலுக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் லக்கல பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் போகிற பஸ்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். இதை விட்டால் நாவுலைப் பக்கம் போய்ச் சுற்றி வர வேண்டும். முதல் நாளே கொழும்பிலிருந்து வந்து அம்மா வீட்டில் தங்கி, கோழி கூவுமுன் எழுந்து, ஒரு வழியாக ஜன்னலோரம் பிடித்துவிட்டேன். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்; டிக்கட் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். இடையில் மலை இருக்கிறது.

அந்த வழியில் போகிறவர்களில் பாதிப் பேர் மூடுபனி பார்க்கவும் படம் எடுக்கவும் போகிறவர்கள். நான் போனது என் தம்பி அருளை வீட்டுக்கு அழைத்து வர.

அருள் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு லொறி ஓட்டிய காலத்தில், அங்கே மிளகாய் கொண்டுவரும் லக்கலக் குடும்பத்துப் பெண் நிலூக்காவைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர்; அவள் சிங்களப் பெண். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். பிறகு அப்பா இறந்தபோது அருள் ஓடி வந்தான். வாசலில் வைத்து அம்மா, "வீட்டுக்குள்ள வராத" என்றார். அவ்வளவுதான். அவன் கல்லறை வரை எங்களோடு நடந்தான். அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டான்.

இப்போது அம்மாவுக்கு அடுத்த வாரம் கண் ஒபரேஷன். "கட்டு அவுக்கிறப்போ அவன் மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும். நீ போய்ச் சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே ஒரு வார்த்த கூப்பிடுங்களேன்மா."

"நான் கூப்பிட மாட்டேன். நீ போ."

வீம்பில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை. அருளோ போனையே எடுப்பதில்லை. திடீரென்று போன வாரம் ஒரு வீடியோவை மட்டும் அனுப்பினான். எழுத்தாக ஒன்றுமில்லை. முதல் படத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. சிவப்புத் தொப்பி போட்ட, முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கிற ஒரு சிறுமி. அவள் கூடையில் ஒற்றைக் காது முயல். எங்கள் சின்ன வயதின் ஜப்பான் கார்ட்டூன். அதன் கடைசிப் பகுதி என்று தலைப்பில் இருந்தது. பயணத்தில் பார்க்கலாமென்று அதைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

அந்தக் கார்ட்டூனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. அது ஜப்பானில் வரைந்து, சிங்களத்தில் பேசி, எங்களுக்குத் தமிழில் விளங்கிய படம். பின்னேரங்களில் கணக்கப்பிள்ளை வீட்டு ஜன்னலுக்கு வெளியே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவோம். எனக்கு ஏழு வயது, அருளுக்கு நாலு. திரையில் விழும் பனி எங்களுக்குத் துருவிய தேங்காய்ப்பூவாகத் தெரிந்தது. அந்தப் பாட்டை இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவேன். சிங்களம் தெரிந்தவர்கள் கேட்டால் அது எந்த மொழி என்று என்னைத்தான் கேட்பார்கள்.

அந்தச் சிறுமி ஊர் ஊராக நடந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் "மல்லி, மல்லி" என்று கேட்பாள். மல்லி என்றால் எங்களுக்கு என்ன? கொத்தமல்லி. காய்ச்சல் என்றதும் அம்மா இஞ்சியோடு அவித்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிற மல்லி. ஆகவே அவள் வீட்டில் யாருக்கோ கடும் காய்ச்சல், அந்தப் பனி நாட்டில் மல்லி முளைப்பதில்லை, பாவம் அலைகிறாள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அருளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அடுப்படியிலிருந்து இரண்டு கை நிறைய மல்லி அள்ளிக்கொண்டு போய், டீவியின் பின்பக்கத் துளைகள் வழியாக அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

மாத்தளை டவுனில் டீவி திருத்துகிறவர் மூடியைக் கழற்றிக் குலுக்கியபோது கொட்டிய மல்லியைப் பற்றித் தோட்டமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டீவி திரும்பி வருவதற்குள் அந்தக் கார்ட்டூனும் முடிந்துவிட்டது. அவளுக்கு மல்லி கிடைத்ததா இல்லையா என்பது இத்தனை வருடமாக எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஏழு மணி இருக்கும், ரத்தோட்டைக்கு முன்னால், போனைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண், மடியில் மிளகு மூட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ்! இது நாங்களும் பாத்தீக்கிறோம். தம்பியத் தேடிப் போற புள்ள தானே?"

"தம்பியா?"

"மல்லி, மல்லின்டு அழுறாளே தங்கச்சி, வெளங்கல்லியா?"

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. இதை நான் அறியாதவளா? கொழும்பில் பதினைந்து வருடமாகச் சிங்களத்திலேயே வேலை பார்க்கிறேன். தேநீர் கொண்டுவருகிற பையனை நாளைக்குப் பத்துத் தடவை மல்லி என்று கூப்பிடுகிறேன். ஆனால் அந்த மல்லியையும் இந்த மல்லியையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. டீவிக்குள் கொட்டிய கதையைச் சொன்னேன். அந்த அக்கா சிரித்த சிரிப்பில் மூட்டை மடியிலிருந்து நழுவியது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, என் முதுகைத் தட்டிவிட்டு ரத்தோட்டையில் இறங்கிப் போனார்.

ஒரு அக்கா தம்பியைத் தேடி நடக்கிற கதையை என் தம்பி எனக்கு அனுப்பியிருக்கிறான். என்னைத் தேடி வா என்கிறான். வேறென்ன அர்த்தம்? மீதியைப் பார்க்கலாமென்றால் பஸ் மலையேறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. வருத்தமில்லை. ரிவர்ஸ்டன் வளைவுகளில் மூடுபனி ஜன்னல் வழியே முகத்தில் அடிக்க, நான் ஏதோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலை இறங்கியதும் காற்றே மாறியது. சால்வையைக் கழற்றி விசிறிக்கொள்ள வேண்டிய வெயில். இருபுறமும் வயலும், காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையும், யானை வேலிக் கம்பிகளும்.

பத்து மணிக்கு இறங்கினேன். விசாரித்துப் போக ஒரு கிலோமீட்டர் நடை. முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த நிலூக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒக்காருங்க. தண்ணி குடிங்க" என்றாள், சுத்தமான தோட்டத்துத் தமிழில். அருள் பழக்கியிருக்கிறான். அவர்களுடைய மகள் சந்துனி, ஐந்து வயது, தூணுக்குப் பின்னால் நின்று என்னை முழுதாக அளந்தாள். அவள் வாயில் சிங்களம்தான்.

அருள் சேனையிலிருந்து வந்தான். கறுத்து, மெலிந்து, அப்பாவின் நடை அப்படியே வந்திருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் யானை இழுத்துப் போட்ட வாழையைப் பற்றியும் பேசினோம். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அம்மா வாயால கூப்பிட்டாங்களா?" என்றான்.

"என்னத்தான் அனுப்பினாங்க."

"வராதன்னு சொன்னது அவங்க வாய்தானே. வான்னு அதே வாய் சொல்லணும்."

"அப்ப எதுக்குடா அந்த வீடியோவ அனுப்பின?"

"கடைசி வரைக்கும் பாத்தியா?"

"இல்ல. ரத்தோட்டையோட சிக்னல் போச்சி."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தேடிக் கண்டுபிடிச்சிருவா. ஆனா அவன் திரும்பிப் போக மாட்டான்க்கா. அந்த ஊர்லயே அவனுக்கு வீடு இருக்கும், வேல இருக்கும். அக்காகாரி தனியாத்தான் ரயில் ஏறுவா. அதுக்குத்தான் அனுப்பினேன்."

மூன்றரை மணி நேரம் மலையேறி இறங்கி நான் கொண்டுவந்த சந்தோஷம் அந்தக் கடும் வெயிலில் அப்படியே வற்றிப் போனது. அவன் எனக்கு அனுப்பியது அழைப்பில்லை, பதில். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜப்பான்காரன் எவனோ எழுதின முடிவுக்கு நம் அம்மா என்னடா செய்வார் என்று கேட்டேன். நிலூக்கா என்னிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கடைசிப் பகுதியை மகளோடு எத்தனை தடவை பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார்."

சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவுக்குத் தகவலாவது சொல்வோமென்று போனை எடுத்தேன். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், யானைக் காவலுக்காக மரத்தின் மேல் கட்டிய பரண். சந்துனி அணிலாக முன்னால் ஏறினாள். எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட அருளும் வந்தான். மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவை அழைத்தேன். கரகரவென்று இரைச்சல், அதற்குள் அம்மாவின் "ஹலோ". அருளிடம் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் வாய் திறப்பதற்குள் சந்துனி போனைப் பறித்துக்கொண்டாள். "ஆச்சி!" என்று ஆரம்பித்து, தன் பெயர், நாய்க்குட்டியின் பெயர், யானை வந்த கதை என்று ஒரே மூச்சில் சிங்களத்தில் கொட்டினாள். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தையில் விலை கேட்கிற சிங்களம். அதுவும் இந்த இரைச்சலில்.

"என்ன?" என்றார் அம்மா. "என்ன?... என்ன?"

போன் அறுந்துவிட்டது.

சந்துனி முகமெல்லாம் சிரிப்பாகத் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஆச்சி எங்களை வரச் சொல்கிறார்! மூன்று தடவை சொன்னார்!" என்று சிங்களத்தில் கத்தினாள். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'.

அருளுக்கு இரண்டு மொழியும் தெரியும். எனக்கும் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான் விளக்கம் சொல்வேன் என்று ஒரு கணம் காத்திருந்தான் போல. நான் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மெல்ல எழுந்து ஏணியில் கால் வைத்தான். "நிலூ, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் பிள்ளைக்குச் சட்டை எடுத்து வை. நீயும் வெளிக்கிடு" என்று கீழே பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். பிறகு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தமிழில் சொன்னான்:

"மூணு தரம் கூப்பிட்டாங்கல்ல. போகத்தானே வேணும்."