லம்பா லைனில் அப்பா வீடு

அந்தமானில், ரங்கத் என்ற எங்கள் ஊரில் நான் ஐந்தாவது படித்தபோது, எங்கள் ஊரையும் அதன் மனிதர்களையும் பற்றி எழுதி, கூடவே அப்பா பிறந்த வீட்டையும் வரைந்து வரச் சொன்னார் டீச்சர். வகுப்பில் ஒருத்தியின் அப்பாகூட ரங்கத்தில் பிறந்திருக்கவில்லை. வங்காளத் தோழி ஒரு குளத்தை வரைந்தாள், தெலுங்குத் தோழி பனைமரங்களை வரைந்தாள். எங்கள் ஊரின் கதை முழுக்க வேறு ஊர்களாகவே இருந்தது.

"நீங்க எங்கப்பா பொறந்தீங்க?"

"லைன்ல," என்றார் அப்பா, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டபடி. "ஒரே வரிசையில பத்து வீடு. கடைசிக்கு முந்தின வீடு நம்மளது."

எனக்குத் தெரிந்த லைன் ஒன்றே ஒன்றுதான்: போர்ட் பிளேரில் ஏர்போர்ட் பக்கம் இருக்கும் லம்பா லைன். அப்பா சொன்னதோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளை. எட்டு வயதில், தன் அம்மாவை அந்த மலையிலேயே புதைத்துவிட்டுக் கப்பலேறியவர் அவர். அதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. எனக்கு என்ன தெரியும்?

அந்த மாதமே அம்மாவின் கண்ணைக் காட்டப் போர்ட் பிளேர் போனோம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பித்தேன். என் பிடி உடும்புப் பிடி.

"லம்பா லைனுக்குப் போலாம்பா. உங்க வீட்டப் பாத்து வரையணும்."

"அடியே, அது வேற..." என்று தொடங்கிய அம்மாவை அப்பா கைகாட்டி நிறுத்தினார்.

"சலோ, போலாம்."

அம்மாவைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். அங்கே ஒரு தகரக்கூரை வரிசை இருந்தது. அப்பா விரல்விட்டு எண்ணி, கடைசிக்கு முந்தின வீட்டின் முன் நின்றார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சல்வார் போட்ட ஆன்ட்டி, யார் வீட்டைத் தேடுகிறோம் என்று கேட்டாள்.

"கிஸ்கா கர், பையா?"

"மேரா," என்று தன் வீடாகவே சொன்னார் அப்பா.

அவள் அப்பாவைப் பார்த்தாள், என் கையிலிருந்த டிராயிங் நோட்டைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை எடுத்துப் போட்டு டீ கொடுத்தாள். அந்த ஆன்ட்டியை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

வீட்டையும் வாசலில் ஆன்ட்டியையும் வரைந்து காட்டினேன்.

"பின்னாடி ஒரு பெரிய மலை போடு."

"இங்க மலையே இல்லையேப்பா."

"அப்ப இருந்துச்சு."

ஏர்போர்ட்டுக்காக வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

"வாசல்ல நிக்கிறவங்களுக்குச் சேலை கட்டு. முதுகுல கூடை. கூடைக் கயிறு தலையில வரணும்."

"ஆன்ட்டி சல்வார்தானே போட்ருக்காங்க?"

"இல்ல புள்ள. சேலைதான்."

திரும்பி வந்ததும் அம்மாவைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன். "அப்பாவுக்கும் கண்ணக் காட்டணும்மா. சல்வாரு சேலையாத் தெரியுது. தண்ணி வேற வடிஞ்சுக்கிட்டே இருக்கு."

அம்மா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் விட்ட மருந்துதான் எரிகிறது என்று எண்ணி, நான் கிட்டே போய் ஊதிவிட்டேன்.